சம்பானுக்குக் கூரை போட்டால் இன்ஜினுக்குக் கை போகுமா?

4 ஜூன் 2023 (பாரிட் புந்தார் தம்பியின் கேள்வி)

அண்ணே, வணக்கம். எங்களிடம் 16 அடி ஃபைபர் சம்பான் (சிறு படகு) இருக்கிறது. 15 குதிரைசக்தி இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (போட்டின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்), கைப்பிடி பிடித்து ஓட்டுவது. அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கிரியான் ஆற்றில் உடாங் காலா (பெரிய ஆற்று இறால்) பிடிப்பதுதான் அவருக்கு உயிர். தோல் டாக்டர் வெயில் ஆகாது என்று சொல்லிவிட்டார். கூரை போடலாம் என்று வெல்டிங் கடையில் கேட்டேன். முன்னால் இரண்டு கால், பின்னால் டிரான்சத்தின் (இன்ஜின் மாட்டும் பின்சுவர்) இரண்டு மூலையிலும் இரண்டு கால், ஆடாமல் இருக்க பின்கால்களுக்கு நடுவில் ஒரு குறுக்குப் பைப், மேலே ஜிங்க் தகடு என்று படம் போட்டுக் கொடுத்தார்கள். இன்ஜினைத் தூக்கினால் கூரையில் இடிக்குமா? அது ஒன்றுதான் என் கவலை.

4 ஜூன் 2023, இரவு

தம்பி, அந்தப் படத்தை வைத்து வேலையை ஆரம்பிக்க வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தாலும் நிறுத்தி வையுங்கள்.

கூரையில் இடிக்காது. அவுட்போர்டு சாய்வது டிரான்சத்தின் மேல் இருக்கும் அச்சில். புரொப்பெல்லர் பின்னால் போய் மேலே ஏறும்போது இன்ஜின் தலை முன்னால் சாய்ந்து போட்டுக்குள் இறங்கும். தலை மேலே எழும்புவதில்லை. ஆகவே ஆபத்து மேலே கிடையாது, பக்கத்திலும் முன்னாலும்தான் இருக்கிறது. அந்தப் பின்கால்கள், குறுக்குப் பைப், டிரான்சத்துக்கு முன்னால் வைத்த பெட்ரோல் டேங்கி, பலகை எல்லாம் அதன் வழியில் நிற்கும். முழுக்கச் சாய்த்த நிலையில் இன்ஜினை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள், எவ்வளவு இடம் கேட்கிறது என்று தெரியும்.

5 ஜூன் 2023

நேற்று அவசரத்தில் சாய்ப்பதைப் பற்றி மட்டும் எழுதினேன். இன்ஜினுக்கு வழி என்பது அதோடு முடியாது. தோட்டத்து ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்து டிராக்டரும் ஜென்செட்டும் பிரித்தவன் நான். எந்த மெஷினைப் பார்த்தாலும் இதைக் கழற்ற ஸ்பானர் எந்தப் பக்கம் போகும் என்றுதான் முதலில் தோன்றும். உங்கள் போட்டில் நடு ஆற்றில் என்னென்ன வேலை வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேல்மூடியைக் கழற்ற வேண்டும். கிளிப்பைத் தட்டி நேராக மேலே தூக்க வேண்டும், அதற்கு ஒன்றரை அடி உயரம் போதும். உங்கள் கூரை உயரத்தில் இது பிரச்சினை இல்லை.

ஸ்பார்க் பிளக் கழற்ற வேண்டும். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த வகை இன்ஜினில் சிலிண்டர்கள் பின்பக்கம் பார்த்து இருக்கும், பிளக் ஆற்றுப் பக்கம் இருக்கும். போட்டுக்குள் முட்டி போட்டு, இன்ஜினைச் சுற்றிக் கையை வளைத்துத்தான் பிளக் ஸ்பானரை மாட்ட முடியும். மூலையில் கால் நின்றால் தோள் அங்கே போகாது. உடம்பை வெளியே நீட்ட வேண்டி வரும்.

ஸ்டார்ட்டர் கயிறு. சாதாரணமாக இழுக்கவே முழங்கை பின்னால் போக இடம் வேண்டும். ஸ்பிரிங் உடைந்துவிட்டால் மேல்மூடியையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலில் கையால் கயிறு சுற்றி இழுக்க வேண்டும். அப்போது முழுக்கை வீச்சு வேண்டும். இன்ஜினுக்கு முன்னால் மூன்றடிக்குக் குறுக்கே எதுவும் இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட அடிக்கடி வருவது புரொப்பெல்லர். மழை பெய்து தண்ணீர் இறங்கும்போது கிரியானில் என்ன மிதக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆகாயத்தாமரை, நீப்பா மட்டை, அரிசிச் சாக்கு, பிளாஸ்டிக் பை. சாக்கு சுற்றிக்கொண்டால் உடனே இன்ஜினை நிறுத்தி, சாய்த்து, அறுத்து எடுக்க வேண்டும். பை தண்ணீர் இழுக்கும் துளையை மூடிவிட்டால் பின்னால் பீச்சும் தண்ணீர் நின்றுபோகும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்பா உட்காரும் இடத்திலிருந்து அந்தப் பீச்சுத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பின்பக்கம் ஜிங்க் தகடோ துணியோ வைத்து மறைத்துவிடாதீர்கள்.

11 ஜூன் 2023

"பின்கால்களை டிரான்சத்தில் வைக்காவிட்டால் கூரை ஆடாதா அண்ணே" என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு இரண்டு பேரும் அதையே கேட்டார்கள்.

ஆடாது, கால்களைச் சரியான இடத்தில் ஊன்றினால். பின்கால்களை டிரான்சத்திலிருந்து நாலு அடி முன்னால் கொண்டு வாருங்கள், போட்டின் பக்க விளிம்பில். நிமிர்ந்து நிற்க வைக்காமல் கொஞ்சம் பின்னால் சாய்த்து வையுங்கள். அப்போது கூரை கால்களைத் தாண்டி இரண்டடி வரை பின்னால் நீளலாம், கால் ஊன்றிய இடம் மட்டும் தள்ளியே இருக்கும். ஆட்டத்தை நிறுத்தக் குறுக்குப் பைப் தேவையில்லை. முன்காலிலிருந்து பின்காலுக்குப் பக்கவாட்டில் சாய்வாக ஒரு ஸ்டே (தாங்கு பைப்) கொடுத்தால் போதும். அகலவாட்டில் ஆடினால் மேல்மூலைகளில் முக்கோணத் தகடு வைத்துப் பற்றவையுங்கள்.

ஃபைபரில் ஸ்க்ரூ மட்டும் அடித்து நிறுத்த வேண்டாம், ஆற்றில் இரண்டு அலை அடித்தால் துளை பெரிதாகும். போல்ட்டு முழுக்க ஊடுருவ வேண்டும், உள்பக்கம் தகடோ மரைன் பிளைவுட்டோ வைத்து நட்டு முடுக்க வேண்டும். நடுவில் மரமோ நுரையோ வைத்த ஃபைபராக இருந்தால் துளையைப் பெரிதாக்கி, எபாக்சி ஊற்றி இறுகவிட்டு, அப்புறம் அதில் சரியான அளவுக்குத் துளையிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி மரம் உளுத்துவிடும், அது வெளியே தெரியவும் தெரியாது.

11 ஜூன் 2023, இரவு

பைப்பைப் பற்றி. கடைக்காரர் ஒரு அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சொல்லியிருப்பார், அதுதான் கையில் இருக்கும். மெல்லிய ரகமே மீட்டருக்கு சுமார் 2 கிலோ. நாலு கால், சுற்றுச் சட்டம், குறுக்குச் சட்டங்கள் எல்லாம் சேர்த்து 16, 17 மீட்டர் ஓடும். ஜிங்க் தகடு போடுவதற்கு முன்பே 33 கிலோ தலைக்கு மேல் நிற்கிறது. உங்கள் இன்ஜினே அந்த எடையில்தான் இருக்கிறது, சுமார் 36 கிலோ. 16 அடி சம்பானில் ஒருவர் எழுந்து நின்றாலே ஆட்டம் காண்கிறது. அதே நீளத்துக்கு 25 மில்லிமீட்டர் அலுமினியப் பைப், 2 மில்லிமீட்டர் கனம் எடுத்தால் ஆறரை கிலோ. ஸ்டெயின்லெஸ் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் 14, 15 கிலோ.

அலுமினியத்தைப் பற்றவைக்க ஆர்கான் கேஸ் வேண்டும், ராடு வெல்டிங் மட்டும் வைத்திருக்கும் கடையில் ஆகாது. ஸ்டெயின்லெஸ் எடுத்தால் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். அதில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருக்கிறது, உப்பு அரிக்காமல் காப்பது அதுதான். ஆற்றில்தானே என்று சாதாரண 304 ரகம் போதும் என்பார்கள். ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் எவ்வளவு தூரம் மேலே வருகிறது என்று உடாங் காலா பிடிக்கிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இறாலின் குஞ்சு பிழைப்பதே உப்பு கலந்த தண்ணீரில்தான், தாய் இறால் அதற்காகத்தான் கீழாற்றுக்கு இறங்குகிறது.

ஜிஐ தவிர வழியில்லை என்றால் பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள். அந்தப் புகையை இழுத்தவனுக்கு ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். ஒர்க்ஷாப்பில் என்னோடு வேலை பார்த்தவர்கள் அப்படிப் படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

30 ஜூன் 2023

நேற்று ஹரி ராயா ஹாஜி விடுமுறை. தம்பி வீட்டுக்கே போய் சம்பானைப் பார்த்தேன். அப்பாவிடமும் பேசினேன். எழுத்தில் வராத ஒரு விஷயம் அங்கே தெரிந்தது: ஓட்டுவது அப்பாதான், மகன் முன்னால் உட்காருகிறார். நான் இதுவரை சொன்ன கூரையில் நிழல் நடுவில் விழும். நிழல் வேண்டிய மனிதர் கடைசியில், இன்ஜின் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருப்பார்.

கூரையைப் பின்னால் நீட்டினால் பழைய பிரச்சினை திரும்ப வரும். ஆளை முன்னால் கொண்டு வர வேண்டும். இன்ஜின் கைப்பிடிக்கு நீட்டிப்புக் குழாய் ஒன்று போடலாம், இரண்டடி போதும். பிவிசி குழாயை வெறுமனே செருகிவைக்கிற பழக்கம் நிறைய பேரிடம் இருக்கிறது. அது வழுக்கிக் கழன்றால் திருப்பத்தில் கையில் குழாய் மட்டும் இருக்கும். இறுக்கமாகப் பிடிக்கிற கிளாம்ப் வைத்த நீட்டிப்பை வாங்குங்கள். இரண்டடிக்கு மேல் போகவே வேண்டாம், ஏனென்றால் இந்த இன்ஜினில் கியர் நெம்புகோல் இன்ஜின் பக்கவாட்டில் இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்ட வேண்டும். இன்ஜினை நிறுத்தும் சிவப்புக் கயிறும் அந்தத் தூரத்துக்கு எட்ட வேண்டும், அது அப்பா மணிக்கட்டில் இருந்தே ஆக வேண்டும்.

எடை முன்னால் வருவதால் இன்னொரு நன்மையும் உண்டு. பின்னால் ஆள், டேங்கி, இன்ஜின் மூன்றும் சேர்ந்து டிரான்சத்தைத் தண்ணீருக்குத் தாழ்த்துகின்றன. அப்பா இரண்டடி முன்னால் வந்தாலே மூக்கு இறங்கி போட் மட்டமாக ஓடும்.

அப்பா ஒன்று சொன்னார், எழுதியே ஆக வேண்டும். "கூரை இல்லாட்டியும் நான் போவேன்யா, இன்ஜின் நின்னா நான்தானே பாக்கணும்." இந்த மனிதருக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

2 ஜூலை 2023

கோல சிலாங்கூர் பக்கமிருந்து ஒருவர், கூரையின் பின்பாதியைக் கீல் வைத்துத் தூக்கி மடிக்கும்படி செய்தால் இரண்டும் கிடைக்குமே என்று எழுதியிருக்கிறார். நல்ல யோசனை, பெரிய போட்டுக்கு. தகட்டுக் கூரை பாதி திறந்து நிற்கும்போது காற்று வந்தால் அது பாயாகிவிடும். கீலும் அதன் ஆணியும் அந்த வேகத்தைத் தாங்கினாலும் 16 அடி சம்பான் தாங்காது.

காற்றின் வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நாலு மடங்கு ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு நாலரை கிலோ போலத்தான் அழுத்தும். 60 கிலோமீட்டரில் அது 17 கிலோவுக்கு மேல். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து அடிக்கிற சுமத்ரா காற்றில் 60 சாதாரணம். இறால் பிடிக்கப் புறப்படுகிறவர்களும் அதே நேரத்தில்தான் புறப்படுகிறார்கள்.

அதனால் பின்பகுதிக்குத் தகடு வேண்டாம், கேன்வாஸ் போடுங்கள். கடைசி இரண்டடியைச் சுருட்டிக் கட்டும் துணியாகத் தொங்கவிடலாம். இன்ஜின் வேலை வந்தால் ஒரு நாடாவை இழுத்தால் சுருண்டுவிடும்.

3 ஜூலை 2023

சொல்லப்போனால் முழுக் கூரையுமே கேன்வாஸாக இருக்கட்டும். ஜிங்க் தகடு மதியத்தில் அடுப்பு மாதிரி அனலை இறக்கும், மழையில் பேச்சுக் கேட்காது. லாரி மூடுகிற தடித்த பிவிசி துணியையும் சொல்லவில்லை, கனமான துணி அது. வெயிலில் சாயம் போகாத அக்ரிலிக் கேன்வாஸ், பந்தல் தைக்கும் கடைகளில் கிடைக்கும்.

நடுச்சட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி வளைவாகச் செய்யுங்கள். மட்டமாகக் கட்டினால் மழை நடுவில் தேங்கும். உங்கள் கூரை ஆறடிக்கு நாலரையடி என்றால் இரண்டரை சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 25 கிலோ, பைப்பில் மிச்சம் பிடித்த எடை எல்லாம் திரும்ப வந்துவிடும்.

16 ஜூலை 2023

கூரை மட்டும் போட்டால் வெயில் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கிரியான் ஆற்றங்கரையில் இருக்கும் நிபோங் திபால் ஏறக்குறைய 5 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அதுவும் நம் கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒன்றேகால் வாக்கில். 1982இல் கடிகாரத்தை அரை மணி முன்னால் நகர்த்தினார்களே, அதற்கு முன் அது பன்னிரண்டே முக்காலுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு நேரத்துக்குத்தான் கூரை முழுப் பாதுகாப்பு. காலை ஒன்பது மணிக்கு வெயில் பக்கவாட்டில் கூரைக்குக் கீழே நுழையும்.

பக்கத்துக்கு ஒரு துணித் திரை வேண்டும், நங்கூரம் போட்டு உட்கார்ந்திருக்கும்போது மட்டும். ஓட்டும்போது கழற்றிச் சுருட்டி வையுங்கள். காற்றுப் பிடிப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் புகை. இரண்டு பக்கமும் மூடி, பின்னால் மட்டும் திறந்து ஓட்டினால் பின்னால் வரும் புகை சுழன்று உள்ளே ஏறும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது. தலைவலி வெயிலால் என்று நினைத்துக்கொண்டிருப்பார் அப்பா. கூரை போட்ட காரணமே அவர் உடம்பு, ஆகவே இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

13 ஆகஸ்ட் 2023

பைப் வெட்டுவதற்கு முன் மூங்கிலில் கட்டிப் பாருங்கள் என்று தொலைபேசியில் சொன்னேன். தம்பி தோட்டத்து ஓரத்தில் வெட்டிய மூங்கிலையும் சணல் கயிற்றையும் வைத்து முழு அளவில் கட்டிவிட்டார். படம் அனுப்பியிருக்கிறார், அருமை.

கட்டியதோடு நிறுத்தக் கூடாது. சம்பானைத் தண்ணீரில் விட்டு, அப்பாவை உள்ளே உட்காரவைத்து, இன்ஜினை முழுக்கச் சாய்த்து இரண்டு பக்கமும் திருப்புங்கள். மேல்மூடியைக் கழற்றுங்கள். பிளக் இரண்டையும் கழற்றி மாட்டுங்கள். கயிற்றை முழுக்கை நீட்டி இழுங்கள். கடைசியாக இன்ஜினை டிரான்சத்திலிருந்து கழற்றிக் கரைக்கு ஏற்றிப் பாருங்கள். இரண்டு பேர் தூக்கும்போது தலையும் முதுகும் எங்கே இடிக்கிறது என்று மூங்கில் சொல்லிவிடும். கரையில் வைத்துச் செய்தால் பாதிதான் தெரியும். தண்ணீரில் இரண்டு பேர் பின்னால் போனால் டிரான்சம் தாழ்கிறது, அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பின்னால் வேலை செய்கிறவர் ஒருவர் மட்டும், முட்டி போட்டு. மற்றவர் முன்னால் போக வேண்டும்.

தோட்டத்தில் எங்களோடு வேலை பார்த்த ஒருவரின் போட்டில் நடந்ததை இங்கே சொல்கிறேன். பின்கால்களும் குறுக்குப் பைப்பும் வைத்த இதே படம்தான், வேறொரு கடையில் செய்தது. ஆற்றுமுகத்தில் வலைத்துண்டு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது. இன்ஜின் பாதிதான் சாய்ந்தது, மேல்மூடி குறுக்குப் பைப்பில் முட்டி நின்றுவிட்டது. அவர் காலுக்கு வெளியே உடம்பை வளைத்து, ஒரு கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அறுத்துக்கொண்டிருந்தார். வற்றம் அவர்களைக் கடல் பக்கம் இழுத்துக்கொண்டே போனது. வேறு போட்டில் வந்தவர்கள் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். அடுத்த வாரமே அந்தக் குறுக்குப் பைப்பை நான்தான் அறுத்துக் கொடுத்தேன்.

14 ஆகஸ்ட் 2023

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒருவர், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பிளக் கழற்ற முடியுமா என்று கேட்கிறார். முடியும். மூங்கிலில் சோதிக்கும்போதும் அதைப் போட்டுக்கொண்டே சோதியுங்கள். ஜாக்கெட் தடிமனுக்கும் இடம் விட்டு அளவு எடுக்க வேண்டும்.

3 செப்டம்பர் 2023

உயரம். அப்பா நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு வேண்டும் என்று தம்பியின் அம்மா விரும்புகிறாராம். அம்மாவின் அக்கறை புரிகிறது. ஆனால் உயரம் ஏற ஏற எடையும் காற்றும் சம்பானைச் சாய்க்கும் வலிமையும் ஏறும். பெரம்பாங் மரக்கிளைகள் ஆற்றின் மேல் சாய்ந்து நிற்கின்றன, மின்மினி பார்க்க வருகிறவர்கள் படம் எடுக்கும் அதே மரங்கள்தான். ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது சின்ன ஓடைப் பாலத்துக்கும் கூரைக்கும் எவ்வளவு இடைவெளி என்றும் பார்க்க வேண்டும். வற்றத்தில் நுழைந்துவிட்டு ஏற்றத்தில் வெளியே வர முடியாமல் போகும்.

உட்கார்ந்தவர் தலைக்கு மேல் ஒரு முழம் போதும். கால்களின் அடியில் உருவி எடுக்கும் ஆணி (பின்) வைத்து, அந்தப் பின்னை உருவினால் முழுக் கூரையும் முன்னால் மடிந்து படுக்கும்படி செய்யுங்கள். பாலத்துக்கும் உதவும், காற்றுக்கும் உதவும். பின்னை மெல்லிய கயிற்றில் காலோடு கட்டிவையுங்கள், ஆற்றில் விழுந்தால் கிடைக்காது. அலுமினியக் காலில் ஸ்டெயின்லெஸ் பின் என்றால் நடுவில் நைலான் வாஷர் வையுங்கள். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். கொஞ்ச மாதத்தில் பின் உள்ளேயே இறுகிவிடும்.

8 அக்டோபர் 2023

கூரை ஏறிவிட்டது. அலுமினியம், வேறொரு கடையில் ஆர்கான் வைத்துப் பற்றவைத்தது. பின்கால்கள் டிரான்சத்திலிருந்து நாலரை அடி தள்ளி நிற்கின்றன. மூங்கிலில் பார்த்தபோது அப்பாவின் முழங்கை காலில் இடித்ததால் அரையடி கூட்டினார்கள். குறுக்குப் பைப் இல்லை. பின்னால் துணி சுருட்டிக் கட்டும் நாடாக்கள். முதல் கடை சொன்ன விலையைவிட 400 வெள்ளி அதிகம் ஆனதாம், அதில் துணிக்குத்தான் பாதி. கொடுத்தது தகும்.

தம்பி கேட்ட கடைசிக் கேள்விக்குப் பதில்: ஆமாம், கூரை வந்த பிறகும் நல்ல தண்ணீரில் இன்ஜினைக் கழுவும் வேலை அப்படியேதான் இருக்கிறது. இனி அதோடு பைப்பையும், பின்னையும், போல்ட்டுத் தலைகளையும் சேர்த்துக் கழுவுங்கள்.

5 நவம்பர் 2023

தீபாவளிக்கு முன் ஒரு செய்தி. போன வாரம் சாக்கு ஒன்று புரொப்பெல்லரில் சுற்றியதாம். அப்பா நாடாவை இழுத்து, இன்ஜினைச் சாய்த்து, கத்தியால் அறுத்து, தேநீர் ஆறுவதற்குள் கிளம்பிவிட்டாராம். மகன் முன்னால் போய் உட்கார்ந்திருந்தார், சொன்னபடியே.

இதே அளவில் செய்ய விரும்புகிற மற்ற இருவருக்கும்: உங்கள் இன்ஜின் 40 குதிரைசக்தி என்கிறீர்கள். அது எழுபது கிலோவைத் தாண்டும், இரண்டு பேர் கையால் தூக்குவது சிரமம், கரையில் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) போட்டு இறக்குவதே நல்லது. ஆகவே டிரான்சத்துக்கு நேர் மேலே வானம் திறந்தே இருக்க வேண்டும், சுருட்டும் துணிகூட அங்கே வரக் கூடாது. டிரான்சத்தின் அகலம், இன்ஜின் முழுக்கச் சாய்ந்து திரும்பும்போது மேல்மூடி எட்டும் தூரம், ஓட்டுபவர் உட்காரும் இடம், இந்த மூன்று அளவையும் அங்குலத்தில் எழுதி அனுப்புங்கள். கால் எங்கே ஊன்றலாம் என்று படம் போட்டுத் தருகிறேன்.